மறதி அறியாத பேரேடு

காவல் நிலையப் பேரேடே, உன்னைப்போல் நினைவாற்றல் உள்ளவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

22 ஆண்டுகளாக ஒரு தாலுகா நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறேன். என் கட்சிக்காரர்கள் வாய்தாத் தேதியை மறந்துவிட்டு மறுநாள் வந்து நிற்பார்கள். சாட்சி மூன்றாம் ஆண்டில் கூண்டில் ஏறும்போது எதிரியின் முகத்தை மறந்திருப்பார். அடித்தவரும் அடிபட்டவரும் ஐந்தாம் ஆண்டில் சண்டை எதற்கு வந்தது என்பதையே மறந்து, ஒருவர் வீட்டுக் காதுகுத்தில் இன்னொருவர் மொய் எழுதிக்கொண்டிருப்பார். நீதிமன்றம்கூடத் தன் பழைய கட்டுகளை விதிப்படி காலம் பார்த்து அழித்துவிடுகிறது. நீ மட்டும் எதையும் விடுவதில்லை. பேரேடு என்றால் பெரிய ஏடு என்று பொருள் சொல்வார்கள். பேர் எழுதிய ஏடு என்றும் பிரித்துப் படிக்கலாம். உனக்கு இரண்டுமே பொருந்தும்.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு மாசித் திருவிழா. இரவு கரகாட்டம். மேடைக்கு முன்னால் உட்காரும் இடத்துக்காக இரண்டு தெருப் பையன்களுக்குள் தள்ளுமுள்ளு. ஒருவனுக்கு உதடு கிழிந்தது, இன்னொருவனுக்குச் சட்டை. விடிவதற்குள் 9 பேர் மீது எஃப்.ஐ.ஆர். அன்றைய தண்டனைச் சட்டப் பிரிவுகள் 147, 294(பி), 323, 506(1). ஒன்பதாவது பெயர் ஒரு 19 வயதுப் பையனுடையது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். சண்டை நடந்தபோது அவன் ஐஸ் வண்டிப் பக்கம் நின்றதாக இரண்டு தெருக்காரர்களும் சொன்னார்கள். ஆனால் முதல் எதிரிக்கு அவன் சித்தப்பா மகன். அது போதுமானதாக இருந்தது.

வழக்கு நான்கு ஆண்டு நடந்தது. அதற்குள் ஊர் சமாதானமாகிவிட்டது. உதடு கிழிந்தவரே கூண்டில் ஏறி, இருட்டில் யார் அடித்தது என்று தெரியவில்லை என்றார். அரசுத் தரப்பு அவரைப் பிறழ் சாட்சியாக அறிவித்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை, சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து விடுதலை செய்கிறேன் என்று நீதிபதி தீர்ப்பு வாசித்தார். வெளியே வந்து அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றோடு முடிந்தது என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். உன் திறமையை அப்போது நான் முழுதாக அறிந்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு பெரிய தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்தது. நேர்காணல் முடிந்து, மருத்துவச் சோதனை முடிந்து, பேருந்து எந்த நிறுத்தத்தில் வரும் என்பதுவரை சொல்லிவிட்டார்கள். கடைசியாகக் காவல்துறைச் சரிபார்ப்பு. நீ ஒரே வரி சொன்னாய். அதில் பொய் ஒன்றும் இல்லை. வழக்கு எண், ஆண்டு, பிரிவுகள், விடுதலை எல்லாமே உண்மை. அந்தக் கடைசிச் சொல்வரை யாரும் படிக்கவில்லை என்பதற்கு நீ எப்படிப் பொறுப்பாவாய்? அவனுடைய அம்மா மறுபடி என்னிடம் வந்தார். "வக்கீலய்யா, ஜட்ஜய்யாவே விட்டுட்டாரே. அவருக்கு மேல யாருய்யா விடணும்?" என்று கேட்டார்.

அவருக்கு மேல் நீ இருக்கிறாய் என்பதை அன்றுதான் நான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. மாஜிஸ்திரேட்டின் தீர்ப்புக்கு அப்பீல் உண்டு, செஷன்ஸ் நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு உயர் நீதிமன்றம் உண்டு. உன் வரிக்கு அப்பீல் போகும் இடம் எனக்குத் தெரியவில்லை. அத்தனை உயரம் உனக்கு.

இந்த உயரம் ஒரே நாளில் வந்ததல்ல. உனக்குப் பெரிய குலவரலாறு உண்டு. 1871-ல் வெள்ளைக்காரர்கள் வடக்கே குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தென்மாவட்டத்துக் கிழவர்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். ஒருவன் என்ன செய்தான் என்று பார்த்து எழுதுவது சாதாரண ஏட்டின் வேலை. உன் முன்னோர்களோ யாருக்கு எவன் பிறந்தான் என்று பார்த்தே எழுதிவிட்டார்கள். வயதுவந்த ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்தில் பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் செத்தார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. மறு ஆண்டே, வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்த என்று வேறொரு சட்டம் வந்தது. இப்படி இடைவெளியில்லாமல் காப்பாற்றப்பட்ட மரபு நம் நாட்டில் அதிகம் இல்லை. கோயில் கல்வெட்டைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தவர்கள் நாம். உன்னை ஒருநாளும் மறைத்ததில்லை.

உன் சமநோக்கைச் சொல்ல வேண்டும். குற்றம் செய்தவனையும் செய்யாதவனையும் ஒரே கண்ணால் பார்ப்பவன் ஞானி என்றால் நீ ஞானிதான். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் 2003-ல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்கிறது அது. வழக்கு நிலுவையில் இருந்து பின்னர் கண்ணியமான விடுதலை கிடைத்தாலும், அடுத்த ஆள்சேர்ப்பில் முதலிலிருந்து கலந்துகொண்டுதான் வேலை கேட்க முடியும் என்கிறது இரண்டாவது விளக்கம். 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் முதல் விளக்கத்தின்படி ஒருவரை நிராகரிப்பது சரியே என்றது.

அந்த அடுத்த ஆள்சேர்ப்பு எப்போது வரும் என்று மைதானத்தில் ஓடும் பையன்களைக் கேட்டால் சொல்வார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர் அரசுப் பள்ளி மைதானத்தில் அவர்கள் இருப்பார்கள். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பிறகு கயிறு ஏற வேண்டும். உள்ளங்கையில் தோல் உரிந்து, மறுபடி முளைத்து, மறுபடி உரியும். கால் ஒரு நொடி தாமதித்தால் அடுத்த முறை ஓடிச் சரிசெய்துவிடலாம். மார்பளவு குறைந்தால் தண்டால் எடுத்துக் கூட்டலாம். உன்னிடம் இருக்கும் வரியைக் குறைக்க எந்தப் பயிற்சியும் இல்லை. அடுத்த ஆள்சேர்ப்புவரை வயது மட்டும் காத்திருக்காது.

கண்ணியமான விடுதலை என்பதை நானும் தேடிப் பார்த்தேன். 2024 வரை இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அந்தச் சொல் இருக்கவில்லை. அன்றைய தண்டனைச் சட்டத்திலும் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான சொல் அது என்று உச்ச நீதிமன்றமே 2012-ல் சொல்லியிருக்கிறது. தாலுகா நீதிமன்றத்தில் ஒரு மாஜிஸ்திரேட் ஒரு நாளில் எத்தனை கட்டுகளைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அடிதடி வழக்கில் சாட்சி வராவிட்டால், வந்து மாற்றிச் சொன்னால், அவர் சந்தேகத்தின் பலன் என்றுதான் எழுதுவார். எல்லாரும் எழுதுவது அதுதான். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் ஒரு பையனின் வேலை இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. சட்டத்தில் இல்லாத சொல்லைக் கேட்டு, சட்டத்தில் உள்ள தீர்ப்பைத் தள்ளிவைக்கத் துணிவு வேண்டும். அந்தத் துணிவை உனக்குக் கொடுத்திருக்கிறோம்.

வாய்மையை நீ போற்றும் விதமும் தனி. அரசு வேலைக்கான உறுதிமொழிப் படிவத்தில், எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா என்று கேட்பார்கள். உண்டு என்று எழுதினால் உண்மை சொன்னதற்காக ஒருவன் வெளியே நிற்க நேரும். இல்லை என்று எழுதினால், மறைத்ததற்காக. 2011-ல் டெல்லி காவல்துறையில் தலைமைக் காவலர் பணி கேட்ட ஒருவரின் வழக்கில், இளம் வயதுப் பிழையை மன்னிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ரொட்டி திருடி வாழ்நாள் முழுதும் முத்திரையோடு அலைந்த விக்டர் ஹியூகோவின் நாயகன் ழான் வால்ழானை அந்தத் தீர்ப்பில் நினைவுகூர்ந்தார்கள். நானும் அதை வாசித்துவிட்டு என் அறையிலிருந்த ஜூனியர்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். இரண்டே ஆண்டில், 2013-ல், அதே டெல்லி காவல்துறை தொடர்பான இன்னொரு வழக்கில், சமரசத்தால் வந்த விடுதலை போதாது என்று வேறொரு அமர்வு சொன்னது. 2016-ல் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து நெறிமுறை வகுத்தார்கள். சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயங்களைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்றார்கள். உண்மையைச் சொன்னவரின் பின்னணியையும் எடைபோட்டு, வேண்டாம் என்று சொல்லும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு என்றும் அதிலேயே இருக்கிறது. மூன்று நீதிபதிகள் கூடியும் உன்னை மறக்கச் சொல்லவில்லை. நீ ஞாபகம் வைத்திருப்பதை மற்றவர்கள் எப்படிக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் எல்லாரிடமும் நீ இவ்வளவு கண்டிப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உனக்கு இளகிய மனமும் உண்டு. தேர்தலில் நிற்பவர் படிவம் 26-ல் தன் மீதுள்ள வழக்குகளை எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான். வழக்கு நிலுவையில் இருப்பது நிற்பதற்குத் தடையில்லை. பொதுவாக 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால்தான் தகுதி இழப்பு. அதுவும் சிறையிலிருந்து வந்து 6 ஆண்டில் தீர்ந்துவிடும். பத்து வழக்கை ஒளிக்காமல் எழுதியவர் சட்டமன்றத்துக்குப் போய்க் காவல்துறை மானியக் கோரிக்கையில் பேசலாம். ஒரு வழக்கில் விடுதலையானதை ஒளிக்காமல் எழுதியவன் அவருடைய காருக்குப் பாதுகாவலாக நிற்க முடியாது. தண்டனை பெற்றவருக்கு ஆறு ஆண்டில் திரும்பிவரும் தகுதி, தண்டனையே பெறாதவனுக்கு எத்தனை ஆண்டில் திரும்பும் என்று நான் தேடிய எந்த விதியிலும் ஓர் எண் இல்லை. கீழே இருப்பவனை இத்தனை அக்கறையோடு கவனித்துக்கொள்ளும் உன்னை வணங்காமல் இருக்க முடியவில்லை.

மன்னிப்பு நம்மிடம் இல்லாமலும் இல்லை. 2021 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கும் வேளையில், ஊரடங்கை மீறியதாகப் போட்ட ஏறக்குறைய 10 லட்சம் வழக்குகள் கைவிடப்படும் என்று அன்றைய முதல்வர் கடையநல்லூர்க் கூட்டத்தில் அறிவித்தார். சல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளுக்கும் அதே மாதம் அறிவிப்பு வந்தது. கூடங்குளம் போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொன்னது. ஒரு மேடைப் பேச்சில் 10 லட்சம் வழக்கு போகும் என்றால், மனம் வைத்தால் எவ்வளவு எளிது என்று அன்று நான் வியந்தேன். பிறகுதான் புரிந்தது. வழக்கை எடுக்க வழி உண்டு. பதிவை எடுக்கப் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. வழக்கு போன பிறகும் அது வந்துபோன தடத்தை நீ பத்திரமாக வைத்திருப்பாய்.

சட்டங்கள் உன்னிடம் கெஞ்சிப் பார்க்காமல் இல்லை. 1958-ல் வந்த நன்னடத்தைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நன்னடத்தையில் விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கூடாது என்றது. 1975-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு எல்லை கட்டியது. தகுதியிழப்புதான் போகும், குற்றம் செய்தார் என்ற முடிவு போகாது என்றது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு இன்னும் தைரியமாகப் பேசியது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டவரைத் தவிர மற்றச் சிறார்களின் பதிவுகளைக் குறித்த காலத்துக்குப் பின் அழித்துவிட வேண்டும் என்றது. அழிக்க வேண்டும் என்று உன் முகத்துக்கு நேரே சொன்ன சட்டம் அது. 18 வயதாக ஒரு மாதம் இருக்கும்போது அடிதடியில் சிக்கியவனுக்கு அந்த வழி திறக்கிறது. 19 வயதில் ஐஸ் வண்டி ஓரம் நின்றவனுக்கு இல்லை.

இப்போது உனக்கு ஆயுளும் கூடிவிட்டது. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி, கைரேகை, கருவிழி உள்ளிட்ட அளவுகளை 75 ஆண்டு வைத்திருக்கலாம். 19 வயதில் தண்டனை பெற்றவனின் ரேகை அவனுடைய 94 வயதுவரை இருக்கும். பெரும்பாலும் அவனைவிட அதிக நாள் இருக்கும். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் அந்த அளவுகளை அழிக்க வேண்டும், நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், என்று அதே சட்டம் சொல்கிறது. நல்ல வரி. ஆனால் அது ரேகைக்கும் கருவிழிக்கும். எஃப்.ஐ.ஆரில் எழுதிய பெயருக்கு அல்ல. முன்பு ஒரு நிலையத்துச் சேதியை இன்னொரு நிலையம் அறிய ஏட்டையா சைக்கிளில் போக வேண்டும். 2009-ல் ஒப்புதல் பெற்ற சி.சி.டி.என்.எஸ். திட்டம் நிலையங்களைக் கணினியால் இணைத்த பிறகு உனக்குச் சைக்கிள் தேவையில்லை.

கணினி உன்னைவிடக் கற்றுக்கொள்ளக்கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா 2018-ல் ஒரு சட்டம் செய்தது. குறிப்பிட்ட காலம் குற்றமில்லாமல் இருந்தவரின் சிறு குற்றப் பதிவுகளையும், தண்டனையில் முடியாத வழக்குகளையும், அவர் மனுப் போடாமலேயே கணினி மூடி முத்திரையிடும். வக்கீல் வைக்கக் காசில்லாதவருக்கும் அது நடக்கும். நமக்கு ரேகைச் சட்டத்தைக் கற்றுக்கொடுத்த இங்கிலாந்தே 1974-ல், தண்டனை அனுபவித்துக் காலம் கழித்தவருடைய பெரும்பாலான பழைய குற்றங்களைத் தீர்ந்ததாகக் கருத வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. குருவுக்கு மறதி வந்தது. சீடனாகிய நீ பாடத்தை இன்னும் ஒப்பிக்கிறாய்.

உன் புகழ் இணையத்திலும் பரவிவிட்டது. பெயரைத் தட்டினால் தீர்ப்பு வருகிறது. விடுதலையான ஒருவர் தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கக் கேட்டபோது, அதற்குச் சட்டமும் விதியும் வேண்டும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பொதுமக்களுக்குத் தீர்ப்பைப் படிக்கும் உரிமை வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். வக்கீலான நானே அதில்தான் பிழைக்கிறேன். படிக்க வேண்டியது தீர்ப்பு. ஆள் எடுப்பவர்கள் படிப்பது பெயரை.

ஒரு விஷயத்தில் உன்னை நான் மனமார வாழ்த்துகிறேன், எதையும் உள்ளே வைத்துக்கொள்ளாமல். குழந்தைகளிடம் அத்துமீறித் தண்டனை பெற்றவன் பள்ளி வேன் ஓட்ட வரும்போது நீ அவனை அடையாளம் காட்டினால், அந்த இடத்தில் உன் நினைவு வாழ்க. முதியவரை ஏமாற்றிச் சொத்து எழுதி வாங்கியவன் வங்கி வேலைக்கு வரும்போது நீ சொல்ல வேண்டும். அதற்காகத்தான் உன்னை வைத்திருக்கிறோம். அவனுக்கும் கரகாட்டத்தில் இடம் பிடித்தவனுக்கும் ஒரே மை, ஒரே பக்கம், ஒரே கால அளவு என்று நீ எழுதும்போதுதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தண்டனை பெற்று, அனுபவித்து, பத்து ஆண்டு ஒழுங்காக உழைத்தவனும் என்னிடம் வருகிறான். அவன் கேட்பது மன்னிப்பு இல்லை. லோடு வண்டி ஓட்ட ஒரு சான்று. வேலை இல்லாமல் வைத்திருந்தால் அவன் மறுபடி உன் பக்கத்துக்கே வருவான் என்பது ஸ்டேஷன் ரைட்டருக்குக்கூடத் தெரியும்.

ஃபிட்டர் பையன் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தல் வேலை பார்க்கிறான். சரிபார்ப்பு கேட்காத வேலை அது. அவனுக்கு ஒரு தம்பி உண்டு. அவன்தான் இப்போது அரசுப் பள்ளி மைதானத்தில் ஓடுகிறான். 1,500 மீட்டரை 6 நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டதாக என்னிடம் சொன்னான்.

இந்த மாசியிலும் திருவிழா நடந்தது. கரகாட்டமும் இருந்தது. இரவு ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்க அவர்கள் தெருப் பக்கம் போனேன். தெருவில் ஆளில்லை, எல்லாரும் மேடைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவியை மடியில் முடிந்துகொண்டு அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சன்னல் வழியாகத் தம்பி எட்டிப் பார்த்தான். தவில் சத்தம் அங்கேவரை நன்றாகக் கேட்டது.

"பரிட்சை முடியறவரைக்கும்தான்யா" என்றார் அந்த அம்மா.